சூடு ஆறுவதற்குள்

எங்கள் பக்கத்தில் பிசியோதெரபிக்கு இரண்டே பெயர்தான். ஒன்று ‘கரண்ட் வைக்கிறது’, இன்னொன்று ‘சூடு வைக்கிறது’. அம்பாசமுத்திரம் பக்கம் நான் நடத்தும் சின்ன சிகிச்சைக்கூடத்துக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள்: “இன்னைக்குக் கரண்டாம்மா, சூடாம்மா?” இருபத்தெட்டு வருடமாக நான் தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளுக்கு மட்டும் ஊர் இன்னும் ஒரு பெயர் வைக்கவில்லை.

சூடு கேட்டு வருகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இறுகிக் கிடக்கிற இடுப்பில் இதமான சூடு இறங்கும்போது முகம் எப்படித் தளர்கிறது என்பதை ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் பார்க்கிறேன். சிலர் அப்படியே தூங்கியும் போவார்கள். எனக்கு ஆகாதது ஒன்றே ஒன்று. சூட்டை வாங்கிக்கொண்டு, “நல்லாருக்கும்மா” என்று எழுந்து, ஆட்டோவில் ஏறி, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வது. சாயங்காலம் போன் வரும்: “பழையபடி பிடிச்சிக்கிட்டும்மா.” பிடிக்காமல் என்ன செய்யும்?

சூட்டு வைத்தியத்தில் என் முதல் வாத்தியார் எங்கள் ஆச்சி. தாத்தாவுக்கு வரப்பில் சறுக்கியோ மூட்டை தூக்கியோ அடிக்கடி இடுப்புப் பிடித்துக்கொள்ளும். திண்ணையில் குப்புறப் படுத்து முனகுவார். ஆச்சி ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போய் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். தூத்துக்குடிக் கல் உப்பு இரண்டு கை. கொஞ்ச நேரத்தில் உப்பு பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கும். கல்லுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிற நீர்த்துளி ஆவியாகி வெளியே வரும் சத்தம் அது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது தீபாவளி. சத்தம் அடங்கியதும் ஒரு கை தவிட்டைப் போட்டுக் கிளறுவாள். வறுத்த தவிட்டு வாசம் முற்றம்வரை வரும். பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிச்சுப் போடுவாள்.

அதற்கப்புறம் அவள் செய்ததைத்தான் நான் இன்றைக்கும் பாடமாக நினைத்துப் பார்க்கிறேன். மூட்டையை முதலில் தன் முன்கையின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பாள். “இஸ்” என்று இழுத்துக்கொண்டால், இன்னொரு சுற்றுத் துணி. பிறகு தாத்தாவின் இடுப்பில் தொட்டு எடுப்பாள். தொடுவாள், எடுப்பாள். மூட்டை ஒரே இடத்தில் ஒரு மூச்சுக்கு மேல் நிற்காது. சூடு குறையக் குறையத்தான் அழுத்தமும் நேரமும் கூடும். கடைசியில் மூட்டை வெதுவெதுப்பாக ஆனதும் அதை அப்படியே இடுப்பில் வைத்து உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். எல்லாம் முடிந்ததும், “எந்திங்க, முத்தத்துல நாலு சுத்து நடங்க” என்று விரட்டுவாள். தாத்தா படுக்கப் பார்ப்பார். விட மாட்டாள்.

ஒற்றி எடுப்பதால்தான் அதற்கு ஒற்றடம் என்று பேர். பேச்சில் ஒத்தடம். சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் முப்பத்திரண்டு வகை என்று கணக்கு. கட்டு, பற்று, அடுத்து வருவது ஒற்றடம். சளி பிடித்தால் போர்வைக்குள் தலையை விட்டு வேது பிடிக்கிறோமே, அதுவும் அந்த வரிசையில் உண்டு. செய்முறையைச் சொல்லுக்குள்ளேயே முடிந்து வைத்திருக்கிறார்கள்: ஒற்று, எடு. வைத்துவிட்டுப் போகாதே. இன்று நாம் ரப்பர் பையில் வெந்நீரை ஊற்றி இடுப்புக்கடியில் வைத்து, அதன்மேலே படுத்துச் சீரியல் பார்க்கிறோம். அதற்கும் ஒத்தடம் என்றே பெயர் சொல்கிறோம்.

ஆச்சி மூட்டையை எடுத்து எடுத்து வைத்ததற்கு இயற்பியல் காரணமும் உண்டு. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. உப்பு, மணல், செங்கல் போன்ற காய்ந்த பொருள்களுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. இரும்புச் சட்டியில் கிடக்கிற உப்பு 150, 200 டிகிரிக்குச் சாதாரணமாகப் போய்விடும். அதேசமயம், எடைக்கு எடை பார்த்தால் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் உப்பு பிடித்து வைக்கும். அதனால் உப்பு மூட்டை முதலில் சுள்ளென்று இருக்கும், சீக்கிரம் ஆறிவிடும். வெந்நீர்ப் பை முதலில் சாதுவாக இருக்கும், நெடுநேரம் சூட்டை விடாது. நொச்சி இலையை வதக்கிக் கட்டுகிறார்களே, அதில் இலையின் ஈரம் ஆவியாக வருவதால் சூடு ஒரு கட்டுக்குள் நிற்கும். எங்கள் சிகிச்சைக்கூடத்து ஹாட் பேக்கும் ஈரச்சூடுதான். கெட்டித் துணிப்பைக்குள் ஒருவகைக் களிமண். அது தண்ணீரைக் குடித்து ஊறி, 70 டிகிரிக்கு மேலே சூடான தொட்டியில் எந்நேரமும் மூழ்கிக் கிடக்கும். எடுத்துத் தண்ணீரை வடித்து, ஆறிலிருந்து எட்டு மடிப்புத் துண்டு சுற்றித்தான் உடம்பில் வைப்போம்.

சூடு பட்டால் ஏன் வலி குறைகிறது? நோயாளிகள் இதைக் கேட்பதில்லை, அவர்கள் பிள்ளைகள் கேட்பார்கள். நான் மூன்று விஷயம் சொல்வேன்.

முதலாவது ரத்த ஓட்டம். சூடு பட்ட இடத்தில் சின்ன ரத்தக்குழாய்கள் விரிகின்றன, தோல் சிவக்கிறது. தசையின் பிடிப்பு விடுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாவது, வலியைச் சுமந்து போகும் நரம்புகளின் விவகாரம். அடிபட்ட இடத்தை நாம் யோசிக்காமலே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தேய்க்கிற உணர்வும் வலியும் தண்டுவடத்தில் ஒரே வாசலில் முட்டி மோதுகின்றன. தொடுதல் முந்திக்கொண்டால் வலிக்கு வழி குறுகுகிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965-இல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள். பிற்காலத்தில் அதில் பல திருத்தங்கள் வந்தாலும், இதமான சூடு ஏன் வலியை அமுக்குகிறது என்று விளக்க நான் இன்னும் அந்த வாசலைத்தான் காட்டுகிறேன். சூடு இதமாக இருக்கும்வரைதான் இது நடக்கும். ஏறக்குறைய 43 டிகிரியைத் தாண்டினால் தோலில் உள்ள வேறொரு உணரி விழித்துக்கொண்டு, இது ஆபத்து என்று கத்த ஆரம்பிக்கும். அந்த உணரியை 1997-இல் கண்டுபிடித்தது அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ் குழு. அவருக்கு 2021-இல் ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அவர் அதைத் தேடிப் பிடித்தது நெருப்பை வைத்து அல்ல, மிளகாயின் காரத்தை வைத்து. மிளகாயில் உள்ள கேப்சைசினும் நெருப்பின் சூடும் அடிப்பது ஒரே அழைப்புமணியைத்தான். மிளகாயைக் கடித்தாலும் நெருப்பில் கை பட்டாலும் நாம் ‘எரியுது’ என்ற ஒரே சொல்லைச் சொல்வதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மூன்றாவதுதான் என் தொழிலுக்கு முக்கியம். மூட்டைச் சுற்றியுள்ள நார்களும் சவ்வும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. சூடானால் அவை இழுத்த இழுப்புக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் வராது. வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் வரும். வைத்துவிட்டு எண்ணெயை ஊற்றாமல் மறந்துபோனால், மறுநாள் விடியும்போது பழையபடி உறைந்துதான் இருக்கும். நம் மூட்டு எண்ணெய் பாட்டில் இல்லை. ஆனாலும் இந்த உவமையைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். சூடு இறங்கிய பிறகு நார்கள் இளகி நிற்பது கொஞ்ச நேரம்தான். துண்டை எடுத்த சில நிமிடத்திலேயே ஆறத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் மூட்டை மடக்கி நீட்டி, அது மறந்துபோன எல்லைவரை கொண்டுபோக வேண்டும். ஆச்சி தாத்தாவை முற்றத்துக்கு விரட்டியது இதற்குத்தான்.

இனி, நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடித்த முதல் வருடம், ஒரு நகரத்து மருத்துவமனையில் வேலை. ஒரு நாள் ஐம்பத்தைந்து வயது லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். கெண்டைக்காலில் பிடிப்பு. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சீட்டில் ஹாட் பேக் என்று எழுதியிருந்தது. எட்டு மடிப்புத் துண்டு சுற்றி வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து, “சூடே தெரியலையேம்மா” என்றார். இரண்டு மடிப்பை உருவினேன். “ம்ஹூம்” என்றார். இன்னும் இரண்டு. “இப்பப் பரவால்ல” என்றவர் தினத்தந்தியைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். அடுத்த கட்டிலில் ஒரு பாட்டிக்குக் கால் பயிற்சி கொடுக்கப் போய்விட்டேன்.

பதினைந்து நிமிடம் கழித்துத் துண்டைப் பிரித்தேன். கெண்டைக்கால் வெந்த பீட்ரூட் நிறத்தில் இருந்தது. என் கண்ணெதிரிலேயே ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு இடத்தில் தோல் உப்பி நீர் கோத்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. செய்தித்தாளை மடித்துக்கொண்டே, “முடிஞ்சிட்டாம்மா?” என்றார். நான் அழுததைப் பார்த்துத்தான் குனிந்து காலைப் பார்த்தார். “இதுக்குப் போய் அழுவுத? எஞ்சின் பக்கத்துல நின்னா இதவிடப் பெருசா சுடும்” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்தப் புண் ஆற ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. சர்க்கரைக்காரர் கால் அல்லவா.

‘சூடே தெரியலை’ என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது: பை ஆறிவிட்டது என்பது ஒன்று, நரம்பு மரத்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் நினைக்கவேயில்லை. மூத்த சிகிச்சையாளர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குழாய்களை வைத்தார். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒன்றில் குளிர்ந்த தண்ணீர். “கண்ணை மூடச் சொல்லு. மாத்தி மாத்தி வை. எது சூடு, எது குளிர்ச்சின்னு கேளு. அப்புறம் பேக்கைத் தொடு” என்றார். அன்றிலிருந்து அந்தக் குழாய்கள் இல்லாமல் நான் யாருக்கும் சூடு வைத்ததில்லை. வீட்டில் இதற்குக் கண்ணாடிக் குழாய் தேவையில்லை, இரண்டு எவர்சில்வர் கரண்டி போதும். ஒன்றை வெதுவெதுப்பான நீரிலும் மற்றதைப் பானைத் தண்ணீரிலும் நனைத்து எடுத்து வைத்துப் பாருங்கள். பத்துத் தடவையில் இரண்டு தடவை மாற்றிச் சொன்னாலும் அந்த இடத்துக்குச் சூடு வேண்டாம்.

சூடு தாங்குகிற அளவா என்று பார்த்தால் மட்டும் போதாது, எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இருவர் 1947-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் தீப்புண் பாடத்தில் இருக்கிறது. 60 டிகிரியில் தோல் வேக ஐந்து விநாடி போதும். 44 டிகிரியில் வேக ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். 44 டிகிரி என்பது கையில் பிடித்தால் ‘கொஞ்சம் சூடுதான், ஆனா தாங்கலாம்’ என்று நாம் சொல்கிற சூடு. ஆனால் ராத்திரி அதன்மேல் படுத்துத் தூங்கினால் ஆறு மணி நேரம் எப்போது ஆனதென்று யாருக்குத் தெரியும்? அதனால் நான் சொல்வது பதினைந்து, மிஞ்சினால் இருபது நிமிடம். முழித்திருக்க வேண்டும். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்புளம் வராவிட்டாலும் தோல் கணக்கு வைத்துக்கொள்ளும். தினமும் மணிக்கணக்கில் இடுப்பில் வெந்நீர்ப் பையை வைக்கிறவர்களின் முதுகில் மீன்வலை விரித்ததுபோலப் பழுப்புக் கோடுகள் படிந்திருக்கும். விறகடுப்பு முன்னால் வருடக்கணக்காக உட்கார்ந்தவர்களின் முழங்காலுக்குக் கீழேயும் இதே வலையைப் பார்க்கலாம். அந்தக் கோடு தெரிந்தால், சூட்டை நிறுத்திவிட்டு வலிக்குக் காரணம் என்னவென்று தேடுகிற நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

தைலம் தடவி அதன்மேல் ஒத்தடம் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நான் அதை எதிர்த்து ஊரோடு சண்டை போடுகிறேன். தைலத்திலுள்ள மென்தால் ஏற்கெனவே தோலின் உணரிகளை ஏமாற்றிக் குளிர்ச்சி என்றோ காந்தல் என்றோ சொல்ல வைத்திருக்கும். அதன்மேல் நிஜச் சூடு ஏறினால் எது நிஜம் என்று தோலுக்கே தெரியாது. ஒன்று தைலம், இல்லை ஒத்தடம்.

எங்கே சூடு கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை கால் பிசகி வீங்கியிருந்தால் இன்றும் நாளையும் சூடு வேண்டாம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடு வைத்தால் வீக்கம் கூடும். அதற்குத் துணியில் சுற்றிய ஐஸ்தான். மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டாலே கொதித்தால் வேண்டாம். காய்ச்சலோடு வரும் மூட்டு வலிக்கும், சீழ் வைத்த இடத்துக்கும் வேண்டாம். ஒரு காலின் கெண்டை மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். ஒத்தடம் கொடுக்காமல், தேய்க்காமல், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் கேட்காமல் சூடு வைக்காதீர்கள். புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்தில் வைக்கவே கூடாது. குற்றாலத்தில் குளித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அருவி நல்ல மசாஜ்காரன்தான். ஆனால் காலையில் எழுந்ததும் கை கால் இறுகிக் கிடக்கிறவருக்குக் குளிர்ந்த தண்ணீர் இன்னும் இறுக்கத்தான் செய்யும்.

காலை இறுக்கத்திலும் இரண்டு வகை உண்டு. எழுந்து நடமாடியதும் அரை மணிக்குள் விலகினால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் தாண்டியும், இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கி இறுகியே இருந்தால் அது வேறு வாதம், ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் வேண்டியது. அதை மாதக்கணக்கில் ஒத்தடத்தால் சமாளித்துக்கொண்டிருந்தால் மூட்டு உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

வெளியிலிருந்து வைக்கிற சூடு எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இடுப்பு மூட்டு அதைவிட எத்தனையோ மடங்கு ஆழத்தில், தசைக்கும் கொழுப்புக்கும் அடியில் கிடக்கிறது. வெந்நீர்ப் பை அந்த மூட்டை எட்டாது. அதைச் சுற்றிப் பயந்து இறுகிய தசைகளைச் சமாதானப்படுத்தும். அதுவே பெரிய உதவிதான். ஆழத்துக்குச் சூடு கொண்டுபோக மின்காந்த அலையால் வேலை செய்யும் டயதெர்மி இருக்கிறது, ஒலியலையால் வேலை செய்யும் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவரை டயதெர்மி அறைப் பக்கமே விட மாட்டோம். பெரிய இயந்திரம் என்றால் பெரிய பலன் என்ற நம்பிக்கை ஊரில் இருக்கிறது. எனக்கு அது இல்லை. திடீரென வந்த முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் சாதாரணச் சூட்டைப் பரிந்துரைக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரியே 2017-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாதவிலக்கு வலிக்கு அடிவயிற்றில் 39 டிகிரிச் சூட்டுப் பட்டை, இபுப்ரோஃபென் மாத்திரை இரண்டையும் ஒப்பிட்டு 2001-இல் வந்த ஆய்வில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே வேலை செய்தன. பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளின் அம்மாக்களிடம் இதைத் தவறாமல் சொல்கிறேன்.

வெந்நீர்ப் பை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள். முக்கால் பாகத்துக்கும் குறைவாக ஊற்றி, பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடினால்தான் உடம்பின் வளைவுக்கு வளையும். ரப்பர் வெடித்துக் கோடு விழுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். பிளக்கில் மாட்டிச் சூடேற்றும் ஜெல் பை வைத்திருப்பவர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகே பையை உடம்பில் வைக்க வேண்டும்.

நாற்பத்தொன்பதாம் வயதில் எனக்கே இடது தோள் உறைந்துபோனது. ஊரெல்லாம் தோளைத் தூக்கச் சொல்லிக்கொடுக்கிறவளுக்குத் தன் தலையை வாரிக் கொண்டை போட முடியவில்லை. ரவிக்கையின் கடைசிக் கொக்கியை மகள் வந்துதான் மாட்டுவாள். இந்த நோய் பெண்களுக்கு, அதிலும் நாற்பதிலிருந்து அறுபதுக்குள், அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். தானாகவே விலக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். பாடமாக இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். படுத்துக்கொண்டு அனுபவிப்பது வேறு.

அப்போதுதான் என் நோயாளிகளின் சோம்பலை நான் புரிந்துகொண்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஹாட் பேக்கைத் தோளில் போட்டால் அன்றைய நாளில் முதல் தடவையாக வலி ஓயும். அந்த நேரத்தில் எழுந்து சுவரில் விரலால் ஏணி ஏறு என்றால் யார் ஏறுவார்கள்? இப்போதுதான் வலி இல்லை, எதற்கு அதை எழுப்ப வேண்டும் என்று மனசு கெஞ்சும். முதல் ஒரு மாதம் நானும் படுத்துக்கொண்டேன். தோள் ஒரு விரற்கடை கூட நகரவில்லை. பிறகு நேரத்தை மாற்றினேன். காலையில் குளிக்கும் வெந்நீரைத் தோளில் பத்து நிமிடம் ஊற்றிவிட்டு, குளியலறைச் சுவர் ஓடுகளில் விரலை நடத்தினேன். ஒவ்வொரு ஓடும் எட்டு அங்குலம். நாலாவது ஓட்டில் தொடங்கிய விரல் ஏழாவதைத் தொட ஐந்து மாதம் ஆனது. ஈரத் தலையோடு நின்று சுவரில் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் முதலில் பயந்துபோனார்.

இப்போது என்னிடம் வரும் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபது வயது. பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். தாமிரபரணிப் பக்கம் எங்கள் ஊர்களில் வீட்டு வாசலில் சொளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றாத தெரு அபூர்வம். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. நனைந்த இலையை வெட்டி, தூளை வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டி, நூலைக் கட்டி, வாயை மடக்கி... ஒரு பீடிக்கு விரல் எத்தனை தடவை மடங்குகிறது என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருடைய வலது கட்டைவிரலின் அடிமூட்டு வெளியே புடைத்து நிற்கும். “காலைல எந்திச்சா வெரலு கட்டையா நிக்கி பிள்ள. காப்பி டம்ளரைப் பிடிக்க முடியல. இருவது நிமிசம் கழிச்சுத்தான் வழிக்கு வருது” என்றார். தேய்மானம்.

இவருக்கு நான் வைப்பது மெழுகு. பாரஃபின் மெழுகு ஏழு பங்கு, லிக்விட் பாரஃபின் ஒரு பங்கு கலந்து, 52 முதல் 54 டிகிரியில் உருகி நிற்கும் தொட்டி. அதே சூட்டுத் தண்ணீரில் ஒரு நிமிடம்கூடக் கையை வைத்திருக்க முடியாது. மெழுகு அப்படிச் சுடாது. சூட்டை மெதுவாகத்தான் விடும், அத்தோடு தோலில் பட்ட முதல் பூச்சு உடனே இறுகி உள்ளே இருக்கும் கையைக் காக்கும். விரல் மூட்டுகள் தோலுக்குக் கிட்டத்திலேயே இருப்பதால் இந்தச் சூடு மூட்டு வரைக்கும் எட்டும். இடுப்புக்குக் கிடைக்காத பாக்கியம் விரலுக்கு.

முதல் தடவை அக்கா கையை முக்கத் தயங்கினார். மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். விரல்களை விரித்து முக்கி எடுத்ததும் கை எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. இரண்டு மூச்சில் அந்த மினுக்கம் மங்கி வெள்ளையானது. மறுபடி முக்கினார். ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் பருத்தது. எட்டாவது முக்கலில் கோவில் சிலைக் கையைப்போல ரேகையெல்லாம் மறைந்து வழவழவென்று ஆகிவிட்டது. பிளாஸ்டிக் பையில் கையைச் சொருகித் துண்டால் சுற்றினேன். பதினைந்து நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு பேரன் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மணிக்கட்டில் விளிம்பைக் கிள்ளி இழுத்ததும் முழு மெழுகும் கையுறை போலக் கழன்று வந்தது. உள்பக்கம் பார்த்தால் அவர் ரேகைகள், அந்தப் புடைத்த மூட்டின் பள்ளம், நூல் இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் பதிந்திருக்கிற தழும்பு, எல்லாம் அச்சாக இருந்தன.

கை இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது. “இப்ப மடக்குங்கக்கா. சூடு ஆறுததுக்குள்ள” என்றேன். முஷ்டியை மூடித் திறந்தார். கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டார். சுண்டுவிரலை எட்டவில்லை, மோதிர விரலோடு நின்றது. சப்பாத்தி மாவைப்போல இருக்கும் பயிற்சிக் களியைக் கொடுத்துப் பிசையச் சொன்னேன். உள்ளங்கையைச் சுவரில் விரித்து வைத்து, எல்லா விரலையும் பின்பக்கம் வளையவிடும் பயிற்சியையும் காட்டினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவர் திடுக்கிட்டு எழுந்தார். நாலு மணிக்குள் பீடிக்கடையில் கட்டுகளைக் கொடுக்க வேண்டும்.

“வீட்டுல காலையும் சாயங்காலமும் பத்துப் பத்து நிமிசம் செய்யணும்க்கா. சூட்ட வாங்கிட்டு வெரல அசைக்காம வச்சிருந்தா மெழுகு வச்சதே வீணு.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து மோதிரத்தை எடுத்தார். வழக்கமாகச் சோப்பு வேண்டும் அவருக்கு; அன்று அது தானாக ஏறியது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏ பிள்ள, போனதும் இன்னும் முந்நூறு சுத்தணும். அதுல அசையாத வெரலா ஒன் சொவத்துல அசையப் போவுது?”

பதில் என்னிடம் இருக்கிறது. ஒரே மாதிரி ஆயிரம் தடவை மடங்குவது வேறு, மடங்காத பக்கம் ஒருதடவை விரிவது வேறு. அதைச் சொல்வதற்குள் அவர் வாசலில் ஒற்றைச் செருப்பை மாட்டிவிட்டார். சூடு ஆறுவதற்குள் மீதி முந்நூறையும் முடித்துவிடப் போகிற அவசரம்.